இடப்பக்கத் தாடையில் ஒரு வெள்ளைப் பொட்டு

2010 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் இரண்டு வாளி பிடித்து வைத்தேன். சைக்கிளின் முன் சக்கரத்துக்குக் காற்றடித்தேன். சந்திப் பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வந்து, கரைகளை வெட்டி ஒரு பீங்கானிலும் நடுப்பாகத்தை இன்னொரு பீங்கானிலும் வைத்தேன். கரை எனக்கு, நடுப்பாகம் மனைவிக்கு. சுனாமி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பாணின் பங்கீடு இதுதான். அவள் தன் பங்கைத் தேநீரில் தோய்த்து, வலப்பக்கக் கன்னத்துக்குள் ஒதுக்கி, மெல்லுவது என்று சொல்ல முடியாத ஒரு காரியத்தைச் செய்து விழுங்குவாள். பிறகு நான் அலுவலகம் போனேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் படவரைஞன். சவளக்கடைப் பக்கத்து வாய்க்கால் ஒன்றின் குறுக்குவெட்டுப் படங்கள் மேசையில் கிடந்தன. அவற்றில் இரண்டை முடித்துவிட்டு அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று மனைவியின் பல்லுக்குப் படம் பிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் படத்தைப் பிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தேன். பிடித்ததும் நல்லதற்குத்தான் என்று ஒருமுறை நினைத்தேன். அந்த ஒருமுறையைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு எரிச்சலையும் எழுத வேண்டியிருக்கிறது.

சுனாமி வந்த காலை நான் அக்கரைப்பற்றில் இருந்தேன். மனைவி, அவளுக்குச் சீதனமாக வந்த கடற்கரை வீட்டில், தன் உம்மாவோடு இருந்தாள். அவளை இரண்டு வளவுகளுக்கு அப்பால், ஒரு மதிலின் மேல், வாய் நிறையக் கறுப்பு மண்ணோடு கண்டெடுத்தார்கள். மாமியை அடுத்த நாள் மையித்தாகத்தான் கண்டெடுத்தார்கள். மனைவிக்கு இடப்பக்கத்தில் இரண்டு பற்கள் போயிருந்தன, முகம் வீங்கியிருந்தது. எது அடித்தது என்று தெரியாது என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த அந்த வாரங்களில் பல்லைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. மையித்து எண்ணிக்கொண்டிருந்த ஊரில் பல்வலி ஒரு வெட்கமான விஷயம். வீக்கம் வற்றியது, வலி இருந்தது. அதன் பிறகு யுத்தம். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் உயிர் போகும் காரியமாக இருக்க வேண்டும். பல்லுக்காக யார் போவார்? யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகாத அந்த மாசியில் அதே பக்கத்தில் மீதமிருந்த கடைவாய்ப் பல்லும் வலிக்கத் தொடங்கியபோது, இனிச் சாட்டு இல்லை என்று நானே அவளைப் பல் டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

டொக்டர் மட்டக்களப்பிலிருந்து வாரத்தில் சில நாட்கள் வந்துபோகும் ஒரு தமிழ்ப் பெண். சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுப் போதாது என்றார். இரண்டு தாடையும் ஒரே படத்தில் வருகிற பெரிய எக்ஸ்ரே வேண்டும் என்று எழுதித் தந்தார். அதைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, பிரதான வீதியில் ஒரு தனியார் இடத்தில் எடுத்தோம். அங்கிருந்தவர் ஒரு இளம் ஆண். நகையெல்லாம் கழற்றுங்கள் என்றார். மனைவி தோட்டையும் சங்கிலியையும் கழற்றித் தந்தாள்; நான் கைலேஞ்சியில் முடிந்து வைத்துக்கொண்டேன். ஸ்காஃபைக் கழற்றச் சொல்ல அந்தத் தம்பிக்குக் கூச்சம். கழற்ற இவளுக்கும் கூச்சம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இவளுக்குத் தாடையை எங்கே வைப்பதென்று சொன்னார். இவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வைத்தாள். இயந்திரம் அவள் தலையைச் சுற்றி வந்து நின்றது. ஊரில் எல்லாரும் பாராட்டக்கூடிய மரியாதையோடு அந்தப் படம் எடுக்கப்பட்டது.

மறுநாள் டொக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வலிக்கிற பல்லின் வேரடியில் கறுப்பாக ஒரு நிழல். அது அவர் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் பக்கத்தில், எலும்புக்குள் நரம்பு ஓடும் பாதையின் மேல், வெள்ளையாக நீண்ட ஒரு பொட்டு. ஓரங்கள் இழுபட்டிருந்தன. வெள்ளை என்றால் உலோகமோ கல்லோ, கெட்டியான ஏதோ ஒன்று. நகை கழற்றித்தானே எடுத்தது என்று என்னைக் கேட்டார். ஓம், கைலேஞ்சியில் நான்தான் முடிந்து வைத்திருந்தேன் என்றேன்.

"இது இருக்கு எண்டு படம் சொல்லுது அண்ணன். எங்க இருக்கு எண்டு சொல்லல்ல. எலும்புக்குள்ளயா, கன்னத்துப் பக்கமா, நாக்குப் பக்கமா ஒண்டும் விளங்கல்ல. உள்ள நரம்பு போற வாய்க்கால் ஒண்டு இருக்கு. அதுக்குள்ள இது கிடந்தா, நான் இஞ்ச பல்லப் புடுங்கேக்க நரம்பும் சேந்து போகும். பிறகு கீழ்ச் சொண்டு மரத்துப்போயிரும். சில ஆக்களுக்கு அது திரும்பி வாறதே இல்ல."

கொழும்பில் முப்பரிமாணப் படம் எடுக்கும் இயந்திரம் வந்திருக்கிறது, அதை எடுத்து வாருங்கள், பொருள் வாய்க்காலுக்குள் இருந்தால் அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் தாடையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு அவர் சொல்லி முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. என் தொழிலே அதுதான். மேலிருந்து பார்த்து வரைந்த படத்தில் வாய்க்காலும் கிணறும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கிணறு எவ்வளவு ஆழம், வாய்க்காலுக்கு அடியால் போகிறதா என்று அறியக் குறுக்குவெட்டு வேண்டும்.

நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வாயெடுக்கும்போது, மனைவி முந்திக்கொண்டு டொக்டரைக் கேட்டாள்.

"வெட்டி எடுத்தா, அத எங்கட கையில தருவாங்களா?"

கேட்டால் தருவார்கள் என்றார் டொக்டர். எனக்கு வந்த கோபத்தை வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டேன். உதடு மரத்துப்போகும் என்கிறார்கள், தாடையை வெட்ட வேண்டும் என்கிறார்கள். இவளுக்கு, வெட்டி எடுத்த குப்பை கைக்கு வருமா என்பதுதான் கேள்வி. ஏன் கேட்டாய் என்றேன். சும்மா என்றாள்.

அதன் பிறகு நோய் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பிஸ்கட்டோடு வருவார்கள். தாடைக்குள் கடல் போட்ட சாமான் இருக்கிறது என்றால் சொல்ல வேண்டுமா? சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீட்டுத் திட்டத்தில் எங்கள் வீடு சிறியது. கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம். வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு தீர்ப்பு இருந்தது. சிப்பி என்றார் ஒருவர். மீன் எலும்பு என்றார் இன்னொருவர். வள்ளத்து ஆணி என்று சொன்னவர், அதே மாதிரி ஓர் ஆணி ஒருவரின் காலுக்குள் நாலு வருடம் கிடந்து தானாக வெளியே வந்த வரலாற்றை, நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் முழுவதும் சொன்னார். மனைவி ஒவ்வொருவரையும் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். யாருடைய தீர்ப்பையும் அவள் ஏற்றதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை.

தினமும் வந்தது மனைவியின் மூத்த சகோதரி, ராத்தா. அவரும் அவர் மாப்பிள்ளையும், புருஷனும் பெண்சாதியுமாக, இறக்காமத்தில் வயல் செய்பவர்கள். வெள்ளாமை வெட்டு முடிந்து ஓய்வாக இருந்தார்கள், அதுவும் என் விதி. படத்தை ராத்தா ஜன்னலுக்கு நேரே பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். மேல் தாடையைக் கீழ்த் தாடை என்று விளக்கினார். நான் திருத்தினேன். "ரெண்டும் அவட வாய்தானே மச்சான்" என்றார்.

முப்பரிமாணப் படம் என்றால் என்ன என்று அவர் கேட்டபோது, மேசையிலிருந்த பாணை எடுத்துக் காட்டினேன். வெளியே நின்று பார்த்தால் பாணுக்குள் ஊசி இருந்தாலும் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆனால் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தால் எந்தத் துண்டில், எந்த மூலையில் என்று சொல்லிவிடலாம். இந்த இயந்திரம் கத்தி இல்லாமல் அப்படி வெட்டிக் காட்டும், பிறகு எல்லாத் துண்டையும் சேர்த்து முழுத் தாடையாகவும் திருப்பிக் காட்டும் என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த விளக்கங்களில் அது சிறந்த ஒன்று.

"பாணுக்குள்ள ஊசி கிடந்தா பேக்கரிக்காரனுக்கு ஏசாம, பாணக் கொழும்புக்குக் கொண்டு போறயளே" என்றார் அவர் மாப்பிள்ளை. "அந்தப் படம் பாக்கக் கண்ணாடி ஒண்டும் போடணுமாம், மச்சான். எங்களுக்கும் ரெண்டு கொண்டு வாங்க."

கொழும்பில் ஒரு நாள் கிடைப்பதற்கு அலுவலகத் தொலைபேசியில் நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். திங்கள் அழைத்தால் புதன் அழைக்கச் சொன்னார்கள். புதன் அழைத்தால் இயந்திரம் பழுது என்றார்கள். பழுது தீர்ந்ததும், கடிதத்தில் எந்தப் பல் என்று இலக்கம் இல்லை என்றார்கள். இலக்கம் வாங்கினேன். ஏப்ரல் நடுவில், சிங்கள தமிழ்ப் புத்தாண்டு லீவு முடிந்து, ஒரு காலை நேரம் கிடைத்தது. இராப் பஸ்ஸில் போனோம். முன்பு அந்தப் பாதையில் எத்தனை இடத்தில் இறங்கி வரிசையில் நின்றிருப்போம். இந்தமுறை ஓரிடத்தில் மட்டும் ஒரு சிப்பாய் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். மனைவியின் முகத்தில் வெளிச்சம் பட்டபோது அவள் கையால் இடப்பக்கக் கன்னத்தை மூடிக்கொண்டாள், உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்பது போல.

கொழும்பில் அந்த இடம் குளிரூட்டப்பட்டு, வங்கி மாதிரி இருந்தது. படம் எடுப்பவர் கண்ணாடி போட்ட ஒரு சிங்களப் பெண்மணி. என் சிங்களம் அம்பாறைக் காரியாலயச் சிங்களம், போதுமானது. அவர் கூச்சப்படுகிற ரகம் இல்லை. கழுத்துக்கு மேலே துணியைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது, துணியும் தன் கண்முன் கழற்றி உதறப்பட வேண்டும் என்றார். மனைவியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. மனைவியின் கை வந்து என் கைலேஞ்சியை நீட்டிவிட்டு உள்ளே போனது.

கொடுத்த பொருளைச் சரிபார்த்து வைப்பது என் பழக்கம். தோடு, இரண்டு. சங்கிலி. ஸ்காஃப் குத்தும் ஊசிகள். அவற்றோடு ஓர் ஊக்கு. அதில் கறுப்பு நூலால் கட்டிய ஒரு செம்புக் குழாய். விரலின் ஒரு கணு நீளம், இரண்டு முனையிலும் மெழுகு. அதை நான் அதுவரை கண்டதில்லை; ஆனால் என்ன என்று கண்டவுடன் தெரிந்தது. தகட்டில் ஓதி எழுதிச் சுருட்டி அடைத்த இசிம். பல்வலிக்கு. இறக்காமத்தில் ஓதிப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்பதும், ராத்தாவுக்கு அவர் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதும், எனக்கு எவ்வளவு இல்லை என்பதும் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் எனக்கு மறைத்துக் குத்தியிருக்கிறார்கள். அந்த அறையில் கோபப்பட வசதி இருக்கவில்லை. குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் எடுத்து முடிய, ஒரு ஸலவாத்துச் சொல்லி முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண்மணி கதவைத் திறந்து, மனைவி ஸ்காஃப் உடுத்துக்கொண்டு வருவாள் என்று சொல்லி, என்னை டொக்டரின் அறைக்கு அனுப்பினார். டொக்டர் ஒரு இளைஞர். கணினித் திரையில் ஒரு தாடை மிதந்துகொண்டிருந்தது. தசை இல்லை, தோல் இல்லை. எலும்பும் பல்லும் மட்டும். அவர் சுட்டியை நகர்த்த அது திரும்பியது, அண்ணாந்தது, அடியைக் காட்டியது. இருபத்துச் சொச்சம் வருடம் என் முன்னால் உட்கார்ந்து பாண் தின்ற தாடை அது. என்னால் அதை அடையாளம் காண முடியவில்லை.

டொக்டர் இடப்பக்கத்தில் ஒரு மேட்டைக் காட்டினார். வரப்பு வெட்டி, அணைத்து, மிதித்து விட்டது போல எலும்பில் கோணலான ஒரு தடிப்பு. இந்தத் தாடை ஒருமுறை முழுவதாக உடைந்து ஒட்டியிருக்கிறது, யார் வைத்தியம் செய்தது என்று கேட்டார். யாரும் செய்யவில்லை என்றேன். எப்போது என்றார். சொன்னேன். உடைந்த தாடையோடுதான் அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்களோடு சேர்ந்து கிடாரத்தில் கஞ்சி காய்ச்சினாள். வலிக்கிறது என்று சொன்னாள்தான். எல்லாருக்கும் வலித்தது.

பிறகு அவர் துண்டுகளைப் பார்க்கத் தொடங்கினார். நான் பாணில் காட்டியது போலவேதான். முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொரு வெட்டாக நகர்த்தினார். வலிக்கிற பல்லின் ஒரு வேரில் மயிரிழை போல வெடிப்பு. அதைச் சுற்றிக் கறுப்பு. அவ்வளவுதான் நோய். நரம்பின் வாய்க்கால் தெளிவாக வட்டமாகத் தெரிந்தது. வேருக்கும் அதற்கும் நடுவில் நல்ல எலும்பு இருந்தது. ஊரிலேயே பிடுங்கலாம், சொண்டுக்கு ஒன்றும் வராது என்றார். வெள்ளைப் பொருள் எங்கே என்று கேட்டேன். அவரும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். எலும்பில் இல்லை. கன்னத்தில் இல்லை. நாக்குப் பக்கம் இல்லை. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இல்லை. பழைய படத்தைக் கேட்டார். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதை எடுத்தபோது அவர் என்ன போட்டிருந்தார் என்று கேட்டார்.

எல்லா நகையும் கழற்றியிருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.

குழாயை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். அந்தப் பெண்மணியை அழைத்து, இது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார். ஸ்காஃபுக்கு உள்ளே, வலப்பக்கம், கழுத்தடியில் என்றார் அவர். டொக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு எனக்கு விளக்கினார். அந்தப் பெரிய படத்தின் இயந்திரம் தலையைச் சுற்றி வருகிறது. கழுத்தின் ஒரு பக்கத்தில் உலோகம் இருந்தால், அதன் நிழல் மறுபக்கத்தில், கொஞ்சம் மேலே, இழுபட்டுப் போய் விழும். வலப்பக்க இசிம், இடப்பக்கத் தாடையில் வெள்ளைப் பொட்டு. வரைபடம் சரியாக இருந்தது. அதில் ஒரு கோடு பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நேரம் மனைவி உள்ளே வந்தாள். மேசையில் குழாயைக் கண்டாள். என் முகத்தையும் கண்டாள். இதை ஏன் கல்முனையில் கழற்றவில்லை என்று, நான் மிக மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க நகையத்தானே கழட்டச் சென்னாங்க" என்றாள். "இது நகையில்லையே."

சொன்னபடிதான் அவள் செய்திருக்கிறாள்.

பிற்பகல் பஸ்ஸில் திரும்பினோம். மகியங்கனை வரைக்கும் என் மனதில் எல்லாரும் வரிசையாக வந்தார்கள்: சுவரைப் பார்த்துப் படம் எடுத்த தம்பி, ஊக்குக் குத்திய ராத்தா, வள்ளத்து ஆணிக்காரர், தொலைபேசியில் புதன் அழைக்கச் சொன்னவர். ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தபோது பஸ் தேநீர்க்கடையில் நின்றது. வெயில் இறங்கியிருந்தது. நான் இரண்டு தேநீரும் அவளுக்கு ஒரு மெதுவான பணிசும் வாங்கினேன். அவள் பணிசைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ட வாய்க்குள்ள ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாள்.

இல்லை, அதுதான் டொக்டர் இரண்டு தரம் பார்த்துச் சொன்னாரே, நல்ல செய்திதானே என்றேன். என் குரலில் இன்னும் சூடு இருந்தது.

"ஓம். நல்லதான்." தேநீரை ஊதினாள். "உம்மாட காப்புட கொழுக்கியா இரிக்கும் எண்டு நெனச்சன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளாகவே சொன்னாள். தண்ணீர் தூக்கியபோது அவள் உம்மாவின் மணிக்கட்டைக் காப்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஏதோ ஒன்று இருவருக்கும் இடையில் வந்து இடித்தது. காப்பு இவள் முகத்தில் பட்டது, பிறகு கையில் ஒன்றும் இருக்கவில்லை. மாமியைக் கண்டெடுத்தபோது கையில் காப்பு இல்லை. அது எனக்கும் தெரியும். யாரோ கழற்றியிருப்பார்கள் என்று ஊரில் எல்லாரையும் போல நானும் நினைத்து, அந்தப் பேச்சை விட்டிருந்தேன். கல்முனையில் வெளிச்சப் பெட்டியில் அந்தப் பொட்டைக் கண்டது முதல், அவள் அது கொழுக்கி என்று வைத்துக்கொண்டிருந்தாள். நீளமும் சரி என்றாள். எடுத்தால் கையில் தருவார்களா என்று அதற்குத்தான் கேட்டாள். அந்தப் படத்தைப் பிடித்ததும் நல்லதற்குத்தான் என்று நான் நினைத்தது அப்போதுதான்.

சாரதி ஹோர்ன் அடித்தார். அவள் பணிசைப் பிய்த்து, தேநீரில் தோய்த்து, வலப்பக்கத்தில் வைத்துக்கொண்டாள். நான் வரிசையில் நிறுத்தியிருந்தவர்களையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

ஆனால் அவர்கள் எனக்கு முன்னால் ஊரில் காத்திருந்தார்கள். அடுத்த நாள் காலையிலேயே ராத்தா வந்துவிட்டார். நான் தாளில் வட்டம் போட்டு, கொழும்பு டொக்டர் சொன்னதைப் பிசகாமல் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"அப்ப முன்னப் படத்தில அந்தச் சாமான் இரிந்திச்சி."

"அது சாமானில்ல மச்சி. இசிம்ட நிழல்."

"இரிந்திச்சா இல்லயா?"

"படத்தில இரிந்திச்சி."

"இப்ப இல்ல."

"இல்ல."

"இசிம் எப்ப இரிந்து குத்தியிரிக்கி?"

"அதத்தானே செல்றன். இசிம் குத்தினதாலதான்..."

"அதத்தான் நானும் செல்றன், மச்சான்" என்றார் ராத்தா. "கரைச்சிப் போட்டுது."

இசிம் பொட்டை உண்டாக்கியது என்பதற்கு என்னிடம் இருந்த ஒவ்வோர் ஆதாரமும், இசிம் பொட்டை இல்லாமலாக்கியது என்பதற்கு அவரிடம் ஆதாரமாக இருந்தது. பகலுக்குள் வீட்டுத் திட்டம் முழுவதும் அறிந்துவிட்டது. இரவல் கதிரைகள் மறுபடி வந்தன. முழங்கால் வலிக்கும் ஒரு பெண் அந்த ஓதுபவரின் வீடு எங்கே என்று என்னிடமே வழி கேட்டார். நான் படவரைஞன், வழி கேட்டால் பிழையாகச் சொல்ல என்னால் முடியாது. சொன்னேன்.

பின்னேரம் கொழும்பில் தந்த இறுவட்டை எடுத்துக்கொண்டு பல் டொக்டரிடம் போனோம். அவருடைய கணினி அதை ஏற்க மறுத்தது. அதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் இறுவட்டிலேயே இருந்தது. அதைத் திறந்தால் கணினி நின்றுபோனது. அவர் மூன்று தரம் முயன்றார். நாட்டில் இருக்கிற புத்தம்புது இயந்திரம் எடுத்த படத்தை, நாங்கள் கடைசியில், கூட வந்த பளபளப்பான தாளில் அச்சடித்த துண்டுகளாகத்தான் பார்த்தோம். அது போதுமாக இருந்தது. வெடித்த வேரையும், தூரத்தில் கிடந்த வாய்க்காலையும் பேனா முனையால் தொட்டுக் காட்டி, டொக்டர் அடுத்த நாள் காலை வரச் சொன்னார். இசிம் கதையையும் நான் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனித் தானே கேட்டுக் கழற்றச் சொல்வதாகச் சொன்னார். பல்லுப் புடுங்கும்போது அது இருந்தால் பாதகமில்லையா என்று மனைவி கேட்டாள். பாதகமில்லை என்றார் டொக்டர். அவள் கேட்டதன் அர்த்தத்தை நான் வீட்டுக்கு வந்துதான் விளங்கிக்கொண்டேன். குழாய் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக் கண்ணாடி அலுமாரியில், அவள் கை எட்டும் தட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சுபஹுத் தொழுதுவிட்டு நான் வந்தபோது அவள் ஸ்காஃப் உடுத்து ஆயத்தமாக நின்றாள். ஊக்கைக் குத்தியிருந்தாள், ஆனால் அவசரத்தில் குத்தியிருந்தாள்; முனை மூடியில் விழவில்லை, குழாய் சரிந்து தொங்கியது. டொக்டரின் நாற்காலி பின்னால் சாயும். சாய்ந்தால் அது கழன்று விழும், அல்லது கழுத்தில் குத்தும். தண்ணீர் பிடிப்பதற்கும் முதல், பாண் வாங்கப் போவதற்கும் முதல், அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி நிறுத்தி, ஊக்கைக் கழற்றி, துணியை இரண்டு மடிப்பாக எடுத்து, நேராகக் குத்திவிட்டேன்.